வாசகர் கேள்வி: துபாயில் வாங்கின பி.பி. மிஷினை நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்காகத் தம்பி துபாயிலிருந்து பி.பி. மிஷின் வாங்கி வந்தான். வீட்டில் பார்த்தால் 158, கிளினிக்கில் 136. பெட்டியில் ஜப்பான் கம்பெனி பெயர், அடியில் 'வியட்நாமில் தயாரித்தது' என்று இருக்கிறது. டூப்ளிகேட்டா?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: அதை வைத்து டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது சகோதரி. உதாரணத்துக்கு, பி.பி. மிஷின் செய்யும் ஆம்ரான் ஜப்பானின் கியோட்டோ கம்பெனிதான், ஆனால் அதன் மிஷின்கள் சீனாவிலும் வியட்நாமிலும் தயாராகி உலகமெல்லாம் போகின்றன. தமிழ்நாட்டில் ஆலை வைக்கவும் 2023இல் ஒப்பந்தம் போட்டார்கள். தயாரான நாட்டை விட்டுவிட்டு, அந்த மாடல் ஆட்களிடம் சோதித்துப் பார்த்ததா என்று பாருங்கள். மிஷின் நம் டாக்டர் மாதிரி ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதில்லை, கையில் சுற்றும் பட்டைக்குள் வரும் துடிப்பை வைத்து கம்பெனியின் சொந்தக் கணக்கில் எண் சொல்கிறது, அதனால்தான் ஒவ்வொரு மாடலையும் குறைந்தது 85 பேரிடம் சோதிக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. தேறிய மாடல்களின் பட்டியலை 'ஸ்ட்ரைட் பி.பி.' இணையதளத்தில் பார்க்கலாம்.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் பட்டை மேல்தான். தையல் டேப்பால் அம்மாவின் மேல்கையைச் சுற்றி அளந்து பாருங்கள். மிஷினோடு வரும் பட்டை பல சமயம் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான், அளவு பட்டையிலேயே அச்சடித்திருக்கும். கை அதைவிடப் பருமனாக இருந்தால் எண் கூடித்தான் காட்டும். என் அத்தைக்கு 35 சென்டிமீட்டர் கை, ஒட்டுப்பட்டை பாதிதான் பிடித்தது, இழுத்துக் கட்டி அளந்து அளந்து ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தோம், பெரிய பட்டை வாங்கின அன்றே எண் இறங்கிவிட்டது. அப்புறம், அளப்பதற்கு முன் 5 நிமிடம் முதுகைச் சாய்த்துப் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மாத்திரையின் அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

இனி வாங்குவதானால் நாகர்கோவிலிலேயே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 2021 ஜனவரி 1 முதல் பி.பி. மிஷினும் இந்தியாவில் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், லைசென்ஸ் எண், எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். கல்ஃப் சந்தைக்கென்று வந்த பெட்டியில் இவை இருக்காது, வாரண்டியும் இங்கே செல்லுமா என்று தம்பியை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். விலையிலும் முன்பு போல வித்தியாசம் இல்லை. 2021 ஜூலையில் வியாபார லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு போட்டார்கள், 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

கேள்வி: அப்பா காலத்துப் பாதரச பி.பி. கருவி பரணில் கிடக்கிறது. விற்கலாமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தப்படி 2020க்குப் பிறகு இதைத் தயாரிப்பதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் நிற்க வேண்டும், விலக்கு கேட்ட நாடுகளுக்குக்கூட 2025 வரைதான். பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள், குழாய் உடைந்தால் பாதரசம் வீட்டுக்குள்ளேயே ஆவியாகும். நிமிர்த்தியே ஒரு மூடிய டப்பாவில் வைத்து, பக்கத்து மருத்துவமனையில் அபாயக் கழிவாக எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.