முதுகு வளைஞ்ச மீனு

கேள்வி: சார், குடியாத்தம் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி தார்ப்பாய் தொட்டி கட்டி ஜிலேபி மீன் வுட்டுருக்கேன். தண்ணிய அடிக்கடி மாத்தி சுத்தமா வெச்சிக்கினு கம்பெனி தீவனந்தான் போடறேன், மூட்டை எல்லாம் மாசி மாசமே மொத்தமா வாங்கி ஷீட்டு கொட்டாயில அடுக்கிட்டேன். இப்போ ஆடியில பாத்தா பத்து பாஞ்சு மீனுக்கு முதுகு எஸ் மாதிரி வளைஞ்சிருக்கு, செவுள் மூடியும் குட்டையா இருக்கு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு வுடுன்றாங்க. இன்னா பண்றது?

பதில்: எலுமிச்சம்பழத்த ரசத்துக்கு வெச்சிக்கோங்க, தொட்டியில புழிஞ்சா தண்ணியோட போயிடும், மீன் வயித்துக்குப் போகாது. நீங்க சொல்ற அடையாளத்துக்கு எனக்கு மொதல்ல வைட்டமின் சி மேலதான் சந்தேகம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது உடம்புலயே உற்பத்தி ஆயிடும், நமக்கு ஆகாது, ஜிலேபி ரோகு மாதிரி மீனுங்களுக்கும் ஆகாது, சாப்பாட்டுலதான் வரணும். அது இல்லாட்டி எலும்பையும் குருத்தெலும்பையும் புடிச்சு வெச்சிருக்கற கொல்லாஜன் சரியா உருவாகாது, வளர்ற குஞ்சுக்குத்தான் முதுகு மொதல்ல கோணும். ஏரி மீனுக்கு இந்த வம்பு அவ்வளவா வராது, பச்சைத் தண்ணியில இருக்கற பாசி, நுண்ணுயிரு எல்லாம் அதுக்குத் தீனி, உங்க தொட்டியில நீங்க போடறதுதான் எல்லாமே.

கம்பெனிக்காரன் போடாம வுட்டானான்னா, அப்படி சொல்ல மாட்டேன். சூடு, ஈரம், காத்து மூணும் பட்டா மொதல்ல சாகறது இந்த சி தான். நம்ம வேலூர் கத்திரி வெயில்ல ஷீட்டுக்கு அடியில அஞ்சு மாசம்னா, மூட்டை தையல்ல தொங்குற சீட்டுல என்ன அளவு அச்சடிச்சிருந்தாலும் உள்ள அது அவ்வளவு இருக்காதுங்க. ஒரு கை அள்ளி மோந்து பாருங்க, காறல் வாடை அடிச்சா கொழுப்பும் கெட்டுச்சு, கூடவே வைட்டமின் ஈ-யும் போச்சு. பூஞ்சை புடிச்சிருந்தா யோசிக்காம கொட்டிடுங்க.

இனிமே மாசத்துக்கு ஆவறத மட்டும் வாங்கி, கட்டை மேல, செவுத்துல ஒட்டாம நிழல்ல வையுங்க. சூட்டைத் தாங்கற பாஸ்பேட் வகை வைட்டமின் சி சேத்த தீவனமான்னு கேட்டு வாங்குங்க. பக்கத்து நெலத்துல பூச்சிமருந்து அடிச்சு அது தொட்டியில கலந்தாலும் முதுகு கோணும், அதையும் ஒரு தடவை விசாரிச்சிடுங்க. வளைஞ்சது நிமிராது, ஆனா பூச்சிமருந்து இல்லாம வெறும் வைட்டமின் குறைதான்னா அது தொத்து நோய் இல்ல, கொழம்பு வெச்சு சாப்பிடலாம்.

கேள்வி: மார்க்கெட்டு மீன் கழிவ விராலுக்கு பச்சையா போடலாமா? (ஆற்காடு வாசகர்)

பதில்: வேக வெச்சுப் போடுங்க. சில மீனுங்களோட பச்சைக் கழிவுல தயாமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது வைட்டமின் பி1-ஐத் தின்னுடும், நல்லா வெந்தா அடங்கிடும்.