கொண்டெய்னர் இறக்குமதி: திருகோணமலையிலிருந்து கேட்ட சுங்கக் கேள்விகள்

கிண்ணியா: நானா, 20 அடிக் கொண்டெய்னர் ஒன்றுக்குச் சுங்க வரி எவ்வளவு வரும்? மொத்தமாக ஒரு தொகை சொன்னால் போதும்.

பெட்டிக்கென்று வரி கிடையாது தம்பி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரி. ஒரே அளவுப் பெட்டியில் மீன்பிடி வலை வந்தால் ஒரு கணக்கு, தரை ஓடு வந்தால் வேறு கணக்கு. "பெட்டிக்கு இத்தனை லட்சம் தாங்க, எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அதில் அரசுக்குப் போவது எவ்வளவு, அவர் கையில் நிற்பது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. சுங்க அறிக்கையில் பிழை இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் இறக்குமதியாளராகப் பெயர் போட்டிருக்கும் நீங்கள்தான்.

கணக்குப் போட இரண்டு விடயம் வேண்டும்: பொருள் எந்த வகை என்று காட்டும் எச்.எஸ். குறியீட்டு இலக்கம், அதன் சி.ஐ.எஃப். பெறுமதி. சி.ஐ.எஃப். என்றால் பொருள் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்தது.

உப்புவெளி: அந்தக் கணக்கை ஒருமுறை இலக்கத்தோடு காட்டுவீர்களா?

சி.ஐ.எஃப். 50 இலட்சம் ரூபாய் என்று வைப்போம். டொலரை ரூபாயாக்குவது சுங்கம் வாரந்தோறும் வெளியிடும் மாற்று வீதத்தில். உங்கள் வங்கி தந்த வீதத்தில் அல்ல. பொருளுக்குச் சுங்கத் தீர்வை 20 சதவீதம், செஸ் எனும் மேலதிக இறக்குமதி வரி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்வை 10 இலட்சம். துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 10 சதவீதம் என்றால் 5 இலட்சம். இரண்டும் சி.ஐ.எஃப். மீதுதான்.

வற் எனும் பெறுமதி சேர் வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதன் அடிப்படை சி.ஐ.எஃப். மட்டுமல்ல. சி.ஐ.எஃப்.பின் 10 சதவீதத்தைக் கூட்ட வேண்டும். மேலே சொன்ன வரிகளையும் கூட்ட வேண்டும். 50 + 5 + 10 + 5, ஆக 70 இலட்சம். 2024 ஜனவரி முதல் 18 சதவீதம் என்பதால் வற் 12 இலட்சத்து 60 ஆயிரம். 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதம், அதற்கும் அதே 70 இலட்சம்தான் அடிப்படை. அது 1 இலட்சத்து 75 ஆயிரம்.

மொத்தம் 29 இலட்சத்து 35 ஆயிரம். பொருளின் பெறுமதியில் ஏறத்தாழ 59 சதவீதம். "தீர்வை 20 தானே" என்று 10 இலட்சத்தை மட்டும் ஒதுக்கி வைத்தவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

நீங்கள் வற் பதிவு பெற்றவரென்றால் அந்த 12.6 இலட்சத்தை, விற்கும்போது நீங்கள் கட்ட வேண்டிய வற்றிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். மற்றவை செலவுதான். செஸ் உள்ள பொருளென்றால் கவனம்: பலவற்றுக்கு ஒரு சதவீதமும், கிலோவுக்கோ அலகுக்கோ இத்தனை ரூபாய் என்றும் இரண்டு இருக்கும், எது கூடவோ அதை எடுப்பார்கள். மலிவுப் பொருளுக்கு இது பலமாக அடிக்கும். வீதங்கள் வர்த்தமானியில் மாறும். கப்பலேற்றும் முன் சுங்க இணையத்தளத்தில் உங்கள் குறியீட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

புல்மோட்டை: அண்ணா, மீன்பிடி வலையும் படகின் வெளியிணைப்பு இயந்திரமும் ஒரே பெட்டியில் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். ஆனால் இன்வொய்ஸிலும் பொதிப் பட்டியலிலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தைத்து முடித்த செயற்கை இழை வலையின் எச்.எஸ். குறியீடு 5608.11. வலை பின்னும் மொனோ (ஒற்றை இழை) நூல் என்றால் 5404 பக்கம் போகும். கயிறு 5607. வெளியிணைப்பு இயந்திரம் 8407.21, படகுக்குள் பூட்டும் டீசல் இயந்திரம் 8408.10. "மீன்பிடிப் பொருட்கள்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள், நாள் போகும். குறியீட்டில் ஐயம் இருந்தால் சரக்கு வரும் முன்பே சுங்கத்திடம் முற்கூட்டிய தீர்மானம் எழுத்தில் கேட்கலாம். வந்த பிறகு வாதாடுவதைவிட அது எவ்வளவோ நல்லது.

மூதூர்: விற்பவர் இன்வொய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்ற தரவு சுங்கத்திடம் இருக்கிறது. வங்கி வழியாக நீங்கள் அனுப்பிய பணத்துக்கும் இன்வொய்ஸுக்கும் இடைவெளி இருந்தால் அதுவே சாட்சி. பொய் அறிக்கை தண்டத்தோடு நிற்காது, சரக்கே பறிபோகலாம். உண்மையாகவே கழிவு விலையில் வாங்கியிருந்தால் ஒப்பந்தம், மின்னஞ்சல், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் கோப்பில் வையுங்கள். காப்புறுதி எடுக்கவில்லை என்பதற்காக அந்தத் தொகை பூச்சியமாகாது. சுங்கம் மதிப்பிட்டுச் சேர்க்கும்.

நிலாவெளி: சென்னையில் வாங்கினால் இந்தியாவோடு உள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் தீர்வை இல்லைதானே?

சென்னையில் வாங்கியது போதாது. இந்தியாவில் உற்பத்தியாகியிருக்க வேண்டும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில் பொது விதி 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்ப்பு. சீனப் பொருளைச் சென்னைக் கடையில் வாங்கி அனுப்பினால் சலுகை இல்லை. உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் அதிகாரம் பெற்ற நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். அதிலுள்ள இன்வொய்ஸ் இலக்கம், எடை, குறியீடு மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சலுகை சுங்கத் தீர்வைக்கு மட்டும். வற் வழமைபோல் கட்ட வேண்டும். சலுகை பெறாத பொருட்களின் பட்டியலும் உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.

கந்தளாய்: நமக்குத்தான் இவ்வளவு பெரிய துறைமுகம் இருக்கிறதே, கொண்டெய்னரை இங்கேயே இறக்க முடியாதா?

திருகோணமலையில் இறங்குவது பெரும்பாலும் கோதுமை, கிளிங்கர், எரிபொருள் போன்ற மொத்தச் சரக்கு. உங்கள் பெட்டி கொழும்பில்தான் இறங்கும். அங்கே சுங்கம் முடித்து, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ட்ரெய்லரில் வர வேண்டும்.

இந்தத் தூரம் காசைத் தின்னும் இடம் வெற்றுப் பெட்டி. துறைமுகத்தில் பெட்டி கிடந்தால் துறைமுக வாடகை. வெளியே எடுத்த பிறகு, வெற்றுப் பெட்டி கொழும்பு டிப்போவுக்குள் திரும்பும்வரை கப்பல் கம்பனியின் தாமதக் கட்டணம், அதுவும் டொலரில். இரண்டும் வேறு வேறு. இலவச நாள் எத்தனை என்பதைச் சரக்கு ஏற்றும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்; 14 நாள் கேட்டுப் பாருங்கள், பேசினால் தரக்கூடும். சுங்கம் உங்கள் சரக்கைப் பரிசோதனைக்கான சிவப்பு வழியில் போட்டால் ஒருகொடவத்தைப் பக்க யார்டில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அதற்கும் ஓரிரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நகருக்குள் ஒடுக்கமான தெருவில் கடை என்றால் 40 அடி ட்ரெய்லர் திரும்பாது. கொழும்பிலேயே பெட்டியைக் காலி செய்து லொறியில் ஏற்றுங்கள். கூலி சற்றுக் கூடினாலும் தாமதக் கட்டணமும் பெட்டிக்காகக் கட்டும் வைப்புப்பணத் தலையிடியும் இல்லை.

சீனக்குடா: பழைய கொண்டெய்னர் ஒன்றை வாங்கிக் கடை போட இருக்கிறேன். அதற்கும் வரியா?

சரக்கு சுமந்து வரும் பெட்டி திரும்பிப் போகும் என்ற நிபந்தனையில்தான் வரியில்லாமல் உள்ளே வருகிறது. இங்கேயே நிற்கப் போகிறதென்றால் பெட்டியே இறக்குமதிப் பொருளாகிவிடும், எச்.எஸ். தலைப்பு 8609. விற்பவரிடம் அந்தப் பெட்டி இலக்கத்துக்குரிய சுங்க அறிக்கையையும் வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். கதவில் இருக்கும் 4 எழுத்து, 7 இலக்கம் அந்த அறிக்கையில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.