நெறி கட்டியது இருக்கட்டும், நெஞ்சைக் காட்டுங்கள்

வணக்கம் சகோதரி. 19 வயது மகனுக்கு மாடர்னா கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் ஊசி போட்டு மூன்று நாள், அதே பக்கத்து அக்குளில் நெல்லிக்காய் அளவு வீக்கம், படுத்தால் நெஞ்சை அழுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீக்கத்தைப் பற்றி எட்டு வரி, நெஞ்சைப் பற்றி ஒரே வரி. எனக்குக் கவலை அந்த ஒரு வரியில்தான்.

அக்குளில் இருப்பது பெரும்பாலும் நெறி. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் கட்டுமே, அதே கதை. தானாக வற்றிவிடும். காய்ச்சல், உடல்வலி, அசதியும் சாதாரணம். இரண்டாம் ஊசிக்குச் சற்றுக் கூடுதலாகவே படுத்தும்.

நெஞ்சுவலி அப்படியல்ல. மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாக இதயத் தசையிலோ அதைச் சுற்றிய உறையிலோ அழற்சி வருகிறது. அதிகம் பாதிக்கப்படுவது இளவயது ஆண்கள். பெரும்பாலும் இரண்டாம் ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள். 2021 அக்டோபரில் சுவீடன் இளவயதினருக்கு மாடர்னாவை நிறுத்தி வைத்தது இதனால்தான். படுத்தால் கூடும் வலி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைகிறதா? அது உறை அழற்சியின் அடையாளம்.

இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஊசியின் பெயரையும் போட்ட தேதியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈசிஜியும் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். இந்த அழற்சி வந்தவர்களில் பெரும்பாலானோர் ஓய்விலும் மருந்திலும் தேறிவிடுகிறார்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட்டமும் கால்பந்தும் வேண்டாம். வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு கொடுத்துக் காலை வரை காத்திருக்காதீர்கள்.