வீட்டில் இருந்துகொண்டே வீட்டு ஞாபகம்

அக்கா,

எழுதுகிற அளவுக்கு இது ஒரு பிரச்சினையா என்று எனக்கே தெரியவில்லை, மூன்று தடவை எழுதி அழித்தாகிவிட்டது. இன்றைக்கு மத்தியானம் டேபிள் ஃபேனைத் தம்பி அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான், அவ்வளவுதான், அதற்கு நான் போட்ட சத்தத்தில் திண்ணையில் படுத்திருந்த அப்பாயி எழுந்து உள்ளே வந்துவிட்டது. வந்து திட்டவில்லை. "காத்து எல்லாருக்கும்தானே புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது. அதற்குத் திட்டியே இருக்கலாம். அதனால்தான் இன்றைக்கு எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இரண்டாம் வருடப் பரீட்சை ஏப்ரல் கடைசியில் முடிந்தது. எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில். அப்பா பேரில் ஆறு மா நிலம், அது போகக் கொஞ்சம் குத்தகை. அம்மா கூலி வேலைக்கும் போகும். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான், முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையை இன்னும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

பரீட்சை சமயத்தில் மெஸ் சாம்பாரில் கை வைக்கும்போதெல்லாம் வீட்டு ஞாபகம்தான். குட்டை வற்றி விரால் பிடிக்கிற நேரம், இப்போது அம்மா குழம்பு வைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ரூமில் காலண்டரில் நாள் அடித்துக்கொண்டே வந்தேன். வந்து நான்கு நாள் நன்றாகத்தான் இருந்தது. விரால் குழம்பு, நுங்கு, அத்தை வீடு, கோயில், எல்லாம் முடிந்தது. ஐந்தாம் நாளிலிருந்து என்னவோ ஆகிவிட்டது.

கஜா புயலில் ஓடு பறந்த பிறகு எங்கள் வீட்டுக்குத் தகர ஷீட்தான் போட்டோம். கத்திரி வேறு ஆரம்பித்துவிட்டது, பதினோரு மணிக்கே உள்ளே உட்கார முடியாது, ராத்திரியும் அந்தச் சூடு இறங்காது. இரண்டு மணி, மூன்று மணி வரை ஃபோனைத் தள்ளிக்கொண்டே கிடக்கிறேன். எழுந்திருக்கும்போது ஒன்பதரை. அதற்குள் அம்மா சமைத்து, தண்ணீர் பிடித்து, ஆட்டை அவிழ்த்து விட்டு, பருத்திக் கொல்லைக்குக் களை வெட்டப் போயிருக்கும். எனக்குச் சோறு தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கும். அந்த மூடிய தட்டைப் பார்த்தால் எனக்கு வருவது எரிச்சலா அழுகையா என்றே பிரிக்கத் தெரியவில்லை. சரி, நாமும் ஏதாவது செய்வோம் என்று எழுந்தால் "நீ உட்காரு, படிக்கிற புள்ள, வெயில்ல கறுத்துப் போயிடுவ" என்கிறது. உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுச் சித்தி எட்டிப் பார்த்து "மகாராணி எழுந்தாச்சா" என்கிறார்.

போன வாரம் அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து, விவசாயிகளுக்கு மத்திய அரசு போடுகிற கிசான் பணத்துக்கு ஏதோ மெசேஜ் வந்திருக்கிறதாம், பார் என்றார். நான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்புறம் பார்க்கிறேம்ப்பா" என்று கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்ததால் எனக்கு அரசின் புதுமைப் பெண் திட்டப் பணம் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, அதையும் ரீசார்ஜ், ஆட்டோ என்று செலவழித்துவிட்டு வெறுங்கையோடுதான் வந்திருக்கிறேன். ரூம்மேட்கள் இன்டர்ன்ஷிப், கொடைக்கானல் என்று ஃபோட்டோ போடுகிறார்கள். நான் இப்போது காலேஜ் திறக்கிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் அக்கா. ஹாஸ்டலிலும் இதையேதான் செய்தேன்.

படிப்பு வந்து எனக்குத் திமிர் வந்துவிட்டதா? இல்லை, இது டிப்ரஷனா? இன்ஸ்டாகிராமில் சொல்கிற அறிகுறிகளில் பாதி எனக்குப் பொருந்துகிறது. பெயர் போட வேண்டாம்.

* * *

அன்புத் தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் உன்னை அதிகம் பயமுறுத்தியிருக்கும். மனச்சோர்வு நோய் என்று மனநல சிகிச்சை செய்கிற நாங்கள் சொல்வதற்கு, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாக தினமும், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டு கிடக்க வேண்டும், அல்லது முன்பு பிடித்த எதிலும் பிடிப்பே இல்லாமல் போக வேண்டும். அதோடு பசி, தூக்கம், கவனம், தெம்பு இதெல்லாம் சேர்ந்து கெடும். தூக்கம் கெட்டவர்கள், எரிந்து விழுகிறவர்கள் எல்லோருக்கும் ரீல்ஸில் வரும் பட்டியல் பாதி பொருந்தத்தான் செய்யும், மே மாதத்தில் தகர ஷீட்டுக்குக் கீழே படுப்பவர்களுக்கு முக்கால்வாசி பொருந்தும். ஒரு கடிதத்தை வைத்து உனக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ முத்திரை குத்த மாட்டேன். ஆனால் விரால் குழம்பைப் பற்றி நீ எழுதியிருக்கிற விதம் எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுக்கிறது. இன்னும் இரண்டு வாரம் கழித்தும் இப்படியே இருந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, நாம் இல்லாமல் போனால் நல்லது என்கிற மாதிரி ஒரு நினைப்பு ஒரு தடவை வந்தாலோ, யோசிக்காமல் 14416 எண்ணுக்குப் பேசு. டெலி மானஸ், அரசு நடத்துவது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இனி திமிர் விஷயம். திமிர் பிடித்தவள் மூடி வைத்த தட்டைப் பார்த்து அழ மாட்டாள், நிம்மதியாகத் திறந்து சாப்பிடுவாள்.

எனக்கு உன் கடிதத்தில் தெரிவது வேறு. நீ பிளஸ் டூ படித்தபோது அந்த வீட்டில் உனக்கென்று என்னென்ன வேலைகள் இருந்தன என்று யோசித்துப் பார். தண்ணீர் பிடிப்பதோ, ஆட்டைக் கட்டுவதோ, தம்பியைப் படிக்க உட்கார வைப்பதோ, ஏதோ ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். நீ தஞ்சாவூர் போனதும் அந்த வேலைகள் சும்மா நிற்கவில்லை, வீடு அதையெல்லாம் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது, இரண்டு வருடத்தில் அது பழகியும் விட்டது. இப்போது நீ வந்து நிற்கும்போது உனக்குப் படுக்க இடம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, செய்ய எதுவும் இல்லை. நாலு நாளைக்கு அது சுகம், ஏனென்றால் விருந்தாளிக்கு வேலை இருக்கக் கூடாது. ஐந்தாம் நாள் விருந்தாளி என்ன செய்வார்? ஊருக்குக் கிளம்புவார். நீ கிளம்ப முடியாது, அது உன் வீடு. நானும் மாயவரத்திலிருந்து திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் படித்தவள்தான். முதல் கோடை லீவுக்கு வந்தபோது என் புத்தக அலமாரி முழுக்க உளுந்து டின்கள் அடுக்கியிருந்தன. அதற்கு என் அம்மாவிடம் நான் மூன்று நாள் பேசவில்லை. உளுந்தை எங்கேதான் வைப்பார்கள், பாவம்.

இதோடு குற்ற உணர்ச்சி சேர்ந்துகொண்டது. தப்பு செய்துவிட்டேன் என்கிற உறுத்தல் ஒன்று உண்டு, அது நல்லது, போய்ச் சரிசெய் என்று பிடித்துத் தள்ளும். நானே ஒரு உதவாக்கரை என்கிற கூச்சம் வேறு, அது மூலையில் ஒளிய வைக்கும். உனக்கு வந்திருப்பது இரண்டாவது. அம்மா வெயிலில் நிற்கும்போது நாம் எந்த முகத்தோடு எழுந்து வருவது என்று ஃபோனுக்குள் ஒளிந்துகொள்கிறாய், ஒளிந்திருக்கும்போது யாராவது வந்து எட்டிப் பார்த்தால் வெடுக்கென்று வருகிறது, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது படித்த திமிர் மாதிரி தெரிகிறது, அப்படி ஒரு பார்வை வந்ததும் இன்னும் உள்ளே போய் ஒளிகிறாய். தம்பி, ஃபேன் எல்லாம் இதில் சும்மா மாட்டிக்கொண்டவை.

அதற்காக நாளைக்கே அம்மாவோடு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. உனக்கு அந்த யோசனை வந்திருக்கும், எனக்குத் தெரியும். உன்னை வெயிலில் விடாமல் நிழலில் உட்கார வைத்திருப்பதுதான் உன் அம்மா இத்தனை வருடம் சம்பாதித்த சம்பாத்தியம், கொல்லையில் மற்ற பெண்களிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். உன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அதைப் பிடுங்காதே. ஆசைப்பட்டு ஒரு நாள் போய்வந்தால் அது வேறு.

அதற்குப் பதில் ஒரே ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள். "ஏதாவது செய்யட்டுமாம்மா" என்று கேட்டால் "உட்காரு"தான் பதில், எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்வார். கேட்காதே. ராத்திரிச் சாப்பாடு உன்னுடையது என்று எடுத்துக்கொள், என்ன குழம்பு என்று நீ முடிவு செய், காய் வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை. இரண்டு நாள் அம்மா அடுப்படியில் வந்து நின்று உப்பு பார்ப்பார், பார்க்கட்டும். மூன்றாம் நாள் சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார், அப்போது உனக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சித்தியின் மகாராணிக்கும் அதோடு ஒரு முடிவு வரும். மனசு சரியான பிறகு எழுந்து செய்யலாம் என்று மட்டும் காத்திருக்காதே, அது வராது. கை வேலையில் இருக்கும்போதுதான் மனசு பின்னாலேயே மெல்ல வரும், எங்கள் சிகிச்சையிலும் இதைத்தான் செய்யச் சொல்கிறோம்.

தூக்கத்துக்கு வருகிறேன். நீ இயற்பியல் படிக்கிறவள், உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தூக்கம் வருவதற்கு உடம்பு கொஞ்சம் சூட்டை வெளியே விட வேண்டும், பகலெல்லாம் காய்ந்த ஷீட் அதை விட விடாமல் மேலேயிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது, உங்கள் பக்கம் கடல் கிட்ட இருப்பதால் காற்றில் ஈரம் வேறு, வியர்வையும் காயாது. அதனால் உள்ளே படுக்காதே. திண்ணையில் அப்பாயி பக்கத்தில் கொசுவலை கட்டிக்கொண்டு படு, படுக்கும் முன் தலைக்கு இல்லாமல் உடம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள். ஃபோன் உள்ளே சார்ஜில் கிடக்கட்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஐந்தரைக்கு எழு. முதல் மூன்று நாள் நரகமாக இருக்கும், என்னைத் திட்டிக்கொள். மத்தியானம் அரை மணிக்கு மேல் கண் அசராதே. உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவது நீ படுக்கிற நேரம் இல்லை, எழுகிற நேரமும் காலை வெளிச்சமும்தான்.

ஐந்தரை என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் அம்மா கொல்லைக்குக் கிளம்பும் முன் ஒரு டீ குடிக்கும் பத்து நிமிடம் எப்படியும் இருக்கும், நாள் முழுக்க அவர் சும்மா உட்காருவது அந்தப் பத்து நிமிடம்தான் என்று நினைக்கிறேன். நீ அதை இதுவரை தூங்கிக் கழித்திருக்கிறாய். போய்ப் பக்கத்தில் உட்கார். மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம், ஹாஸ்டல் கதை சொல்.

அப்பா விஷயத்தை நீ நான்கு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய், ஆனால் எனக்குக் கடிதத்தில் கனமான இடம் அதுதான். அவர் பேச்சு குறைந்ததற்கு நீ மட்டும் காரணம் என்று நினைக்காதே. வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்க வேண்டும், திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் பல நாள், குறுவை போடலாமா வேண்டாமா, கடன் எங்கே வாங்குவது, டீக்கடையில் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்பதுதான் பேச்சு. மே மாதத்தில் டெல்டாவில் எந்த அப்பாவும் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. ஆனாலும் அவர் ஃபோனோடு வந்து நின்றது வெறும் மெசேஜுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நடையெல்லாம் நடந்து படிக்க வைத்த பிள்ளையிடம் முதல் தடவையாக ஒன்று கேட்டிருக்கிறார். இப்போது ஊரில் வேறு யாராவது பையனிடம் காட்டிக்கொண்டிருப்பார், அல்லது யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பார். கிசான் பணம் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, கே.ஒய்.சி. என்கிற ஆதார் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் அடுத்த 2,000 நின்றுபோகலாம்.

ஆகவே இன்றைக்குச் சாயங்காலம் அவர் டீக்கடையிலிருந்து வந்ததும் "அந்த மெசேஜைக் காட்டுங்கப்பா" என்று நீயே போய்க் கேள். ஆதாரோடு சேர்த்த நம்பர் எது என்று முதலில் பார்த்துக்கொள், பல வீடுகளில் அது எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும். ஓ.டி.பி. கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும், அதனால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பி. ஃபேனை அவர் பக்கம் திருப்பி வை.