ஆடுற பல்லும் அவசர இம்ப்ளாண்ட்டும்

கேள்வி: டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு 52 வயசு, 8 வருஷமா சுகர். பல்லு விளக்கும்போது ரத்தம் வருது, வாய் நாறுது, கீழ் முன்பல்லு ரெண்டு லேசா ஆட ஆரம்பிச்சிருக்கு. க்ளீனிங் பண்ணிக்கோங்கன்னா "அது பண்ணித்தான் எங்கண்ணனுக்கு எல்லா பல்லும் ஆடிப்போச்சு"ன்னு ஒரே பிடிவாதம். பேசாம ஆடுறத புடுங்கிட்டு, எலும்புல ஸ்க்ரூ போட்டு அது மேல பல்லு கட்டுறாங்களே, அந்த இம்ப்ளாண்ட் வச்சிடலாமா?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: அண்ணனுக்கு அப்புறமா பல்லு ஆடினது நிஜமாத்தான் இருக்கும்மா, ஆனா பழியத்தான் அவரு தப்பான இடத்துல போட்டிருக்காரு. பல்லச் சுத்தி படியுற கிருமி அழுக்க எடுக்காம விட்டா அது இறுகி காரை ஆயிடும், அந்தக் காரை ஈறுக்குள்ள இறங்க இறங்க உள்ள பல்லப் புடிச்சிட்டிருக்கற எலும்பு கரைஞ்சிக்கிட்டே போகும், வலியே இருக்காது, அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. கடைசில அந்த காரைக் கல்லே ரெண்டு பல்லுக்கு நடுவுல முட்டுக் கொடுத்துட்டு நிக்கும். அத எடுத்தா பல்லு ஆடுறது தெரியத்தான் செய்யும், இடைவெளியும் தெரியும். எலும்பு போனது அதுக்கு ரொம்ப முன்னாடியே. க்ளீனிங் பண்ற ஸ்கேலிங் மெஷின் தண்ணியோட அதிர்ந்து காரைய உடைக்குது, அவ்ளோதான், பல்லத் தேய்ச்சு எடுக்கறது இல்ல. நாலஞ்சு நாள் கூச்சம் இருக்கும், அப்புறம் அடங்கிடும்.

முதல்ல ஈற அளக்கச் சொல்லுங்க. மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிசு கம்பிய ஈறு ஓரத்துல மெதுவா விட்டு ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்துல பார்ப்போம், 3 வரைக்கும் நார்மல், 5, 6னு வந்தா உள்ள ஆழமா க்ளீன் பண்ணணும்னு அர்த்தம், எக்ஸ்ரேல எலும்பு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிடும். மரத்துப்போற ஊசி போட்டு வேர் வரைக்கும் சுத்தம் பண்ணிட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப அளப்போம், அப்பவும் பள்ளம் ஆழமாவே இருந்தா ஈற லேசா திறந்து பண்ற ஆபரேஷன் இருக்கு. லேசா ஆடுற முன்பல்ல பின்பக்கமா பக்கத்துப் பல்லோட சேர்த்து ஒட்டிக்கூட வச்சிக்கலாம், உடனே புடுங்க வேண்டியதில்ல. கூடவே ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகரக் காட்டுற ரத்த டெஸ்ட், பாத்துடுங்க. சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் அடங்காது, ரெண்டும் கூட்டாளிங்க. சிகரெட் பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க, புகை ரத்தக்கசிவ அமுக்கிடும், பாக்க ஈறு நல்லா இருக்கற மாதிரி ஏமாத்தும்.

இம்ப்ளாண்ட் நல்ல விஷயம்தான். 1965ல ஸ்வீடன்ல பிரோனமார்க்ங்கற டாக்டர் டைட்டானியத்துல வச்ச முதல் ஆளுக்கு அது 40 வருஷத்துக்கு மேல நின்னுச்சு. ஆனா பல்லக் கெடுத்த அதே கிருமி வாய்க்குள்ள இருக்கும்போது புதுசா ஸ்க்ரூ போட்டா அதச் சுத்தியும் எலும்பு கரையும், பணமும் போகும் எலும்பும் போகும். எலும்போட ஒட்டவே 3லேந்து 6 மாசம் ஆகும், அவ்ளோ பொறுமை இருக்கறவரு முதல்ல ஈறுக்கு ரெண்டு மாசம் கொடுக்கலாமே! செலவு யோசனையா இருந்தா உங்க ஊர்லயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க காட்டுங்க.

கேள்வி: ரூட் கேனல் முடிஞ்சுது, கேப் போடணும். மெட்டல் செராமிக்கா, சிர்கோனியாவா? விலை டபுளா சொல்றாங்க.
- வாசகர், மதுரை

பதில்: கடைவாய்ப் பல்லுன்னா மெட்டல் செராமிக்கே (உள்ள உலோகம், மேல பீங்கான்) தாராளமா போதும் சார், சிரிச்சா யாருக்கும் தெரியப்போறதில்ல. முன்பல்லுக்கு உள்ள உலோகம் இல்லாத வெள்ளை பீங்கானான சிர்கோனியா போடுங்க, ஏன்னா மெட்டல் இருந்தா ஈறு கொஞ்சம் இறங்கினதும் ஓரத்துல கறுப்பா ஒரு கோடு எட்டிப்பாக்கும். விலைய விட முக்கியமா நான் பாக்கறது வேற, ஈறுல ரத்தம் கசியும்போது அளவு எடுத்தா, அச்சா இருந்தாலும் சரி ஸ்கேனரா இருந்தாலும் சரி, ஓரம் சரியா விழாது. கேப் ஓரம் துருத்திட்டு இருந்தா அங்க சோறு மாட்டும், உள்ள சொத்தையாகும். அதனால ஈறு ஆறட்டும்னு உங்க டாக்டர் ஒரு வாரம் தள்ளிப்போட்டா கோவிச்சுக்காதீங்க. ரொம்ப நாளும் தள்ளிடாதீங்க, ரூட் கேனல் பண்ணின பல்லு கேப் இல்லாம முறுக்கக் கடிச்சா பிளந்துக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு ஈறு வளர்ந்து பாதிப் பல்ல மூடிடுச்சு. வலி இல்ல. பிபிக்கு மட்டும் மாத்திரை சாப்பிடறாங்க.
- வாசகி, சேலம்

பதில்: மாத்திரை அட்டைய எடுத்து அம்லோடிபின் இல்ல நிஃபெடிபின்னு போட்டிருக்கான்னு பாருங்க, சிலருக்கு இது ஈற வளர்த்து விடும், வலிப்புக்குக் குடுக்கற ஃபெனிடாயினும் அப்படித்தான். அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, பிபி எகிறிடும். பிபி டாக்டர்கிட்ட ஈறக் காட்டி வேற மாத்த முடியுமான்னு கேளுங்க, இந்தப் பக்கம் காரைய சுத்தம் பண்ணிடுங்க, நிறைய பேருக்கு அதுலயே வீக்கம் குறையும், குறையலன்னா வளர்ந்தத வெட்டி சரிபண்ணிக்கலாம். போகும்போது எல்லா மாத்திரை அட்டையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.