ஒரு பீப்பாய் எண்ணெயும் 15,000 ரூபாயும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 46 வயது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தேன். இப்போதும் அதே லயத்து வரிசை வீடுகளில், என் தாத்தா இருந்த காம்பராவில்தான் குடியிருக்கிறேன். மனைவி கொழுந்து பறிக்கிறார். நான் ஹட்டனில் கட்டட வேலைகளுக்குச் சாரம் கட்டப் போகிறேன். இதே வேலையைத்தான் சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள தம்மாம், கோபர் நகரங்களில் 2007 முதல் 2016 வரை செய்தேன்.

நான் போய் இறங்கிய காலம் அந்த ஊர்களுக்குப் பொற்காலம். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 147 டொலர் வரை ஏறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 40 டொலருக்கும் கீழே விழுந்து பிறகு மறுபடி ஏறியதை நாங்கள் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் எங்கள் தலைக்கு மேலிருந்த கிரேன்கள் ஒரு நாளும் நிற்கவில்லை. 2011 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் விலை பெரும்பாலும் 100 டொலருக்கு மேலேயே இருந்தது. ஒரு கட்டடத்தின் சாரத்தைக் கழற்றி முடிப்பதற்குள் அடுத்த கட்டடத்துக்கான குழாய்கள் லொறியில் வந்து இறங்கிவிடும். நான் அனுப்பிய பணத்தில் லயத்துக்கு முன்னால் ஓர் அறையை இழுத்துக் கட்டினோம். தோட்டத்தில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்தது.

2014 மார்ச்சில் என் சொல்லை நம்பி மூன்று பையன்கள் அங்கே வந்தார்கள். ஒருவன் என் அக்காவின் மகன், மற்ற இருவரும் பக்கத்து லயத்தினர். ஏஜென்டுக்குக் கட்டுவதற்காக அக்கா தன் தோட்டையும் சங்கிலியையும் ஹட்டனில் அடகு வைத்தார். ஏஜென்ட் எனக்கு ஆளுக்கு 15,000 ரூபாய் கொடுத்தார். அவர்கள் வந்த மூன்றாம் மாதம் எண்ணெய் 115 டொலராக இருந்தது. அதன் பிறகு விழத் தொடங்கி ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதியாகி, 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே போய்விட்டது. அரசாங்கத்திடமிருந்து பெரிய ஒப்பந்தக்காரருக்குப் பணம் வரவில்லை, அவரிடமிருந்து சிறிய ஒப்பந்தக்காரருக்கு வரவில்லை, அதனால் எங்களுக்குச் சம்பளம் வரவில்லை. முதல் இரண்டு மாதங்கள் பையன்கள் கேட்டபோதெல்லாம், "2008லும் விலை விழுந்தது, பிறகு ஏறியது, பொறுத்திருங்கள்" என்று சொன்னவன் நான்தான். மூன்றாம் மாதம் எங்கள் இகாமாவை, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, கம்பனி புதுப்பிக்கவில்லை. இகாமா இல்லாமல் வெளியே நடந்தால் பொலிஸ் பிடிக்கும் என்பதால் கேம்பிலேயே அடைந்து கிடந்தோம். பிறகு மெஸ்ஸையும் மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட்கள் கம்பனியின் பெட்டகத்தில் இருந்தன. கடைசியில் எட்டு மாதச் சம்பளத்தைக் கேட்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினோம்.

நகரம் இடிந்து விழுந்துவிடவில்லை, அம்மா. கடைவீதியில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் அந்த ஊர் முடிந்துபோனது. விமான நிலையத்துக்குப் போகிற வழியில், நான் கட்டிய சாரமொன்று, உள்ளே கட்டடம் எழும்பாமல், கழற்றவும் ஆளில்லாமல் துருப்பிடித்து நின்றதைப் பார்த்தேன். இன்றும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

அக்காவின் நகைகள் அடகில் மூழ்கிவிட்டன. அவர் இரண்டு காம்பரா தள்ளித்தான் இருக்கிறார். நாங்கள் திரும்பி வந்ததிலிருந்து என் வாசலை மிதித்ததில்லை. தோட்டத்தில் என்னைக் "கங்காணி" என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கேலியாக இருந்தது, இப்போது அதுவே பெயராகிவிட்டது. 2022இல் நாடே விழுந்து, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போய், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது, எல்லோருக்கும் நடப்பதுதானே என்று மனம் ஆறும் என நினைத்தேன். ஆறவில்லை.

இப்போதும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உடனே கைபேசியில் எண்ணெய் விலையைப் பார்க்கிறேன். எனக்கும் அந்த விலைக்கும் இன்று எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 21 வயதான என் மகன் சவூதிக்குப் போகவேண்டும் என்கிறான். அவனுடைய பாஸ்போர்ட்டை அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், அவன் தேடிக்கொண்டிருக்கிறான். சில இரவுகளில், அந்த விமானத்தில் ஏறாமல் அங்கேயே முடிந்துபோயிருக்கலாம் என்று தோன்றுகிறது. எண்ணெய் விலை விழுந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் ஏன் எனக்குக் குற்றவாளியைப் போல இருக்கிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசி வரிகளுக்கு முதலில் பதில் எழுதுகிறேன். "அங்கேயே முடிந்துபோயிருக்கலாம்" என்பது கடந்த காலத்தைப் பற்றிய எண்ணமாகத் தெரிந்தாலும், அதை நினைப்பவர் இன்றைக்கு மூன்று மணிக்கு விழித்திருப்பவர். ஆகவே நேராகவே கேட்கிறேன்: உயிரை மாய்த்துக்கொள்ளவேண்டும் என்ற எண்ணம் இப்போது உங்களுக்கு வருகிறதா? வருமானால் என் பதிலை முழுவதும் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவேண்டாம். உங்கள் மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். எண்ணம் அவ்வளவுக்குப் போகவில்லை என்றாலும், இத்தனை நாள் தூக்கம் கெட்டிருப்பதை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். மன அழுத்த நோய்க்கு விடியற்காலை விழிப்பு ஒரு பழைய அடையாளம், அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. டிக்கோயா ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. அங்கே வெளிநோயாளர் பிரிவில், "தூக்கம் வரவில்லை, சாவைப் பற்றி நினைக்கிறேன்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். நம் ஆட்கள் வைத்தியரிடம் போனால் தலைவலி, நெஞ்செரிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவது வழக்கம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் விலை விழுந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஒரே பொருளை நம்பி எழும்பிய ஊர், அந்தப் பொருள் விழும்போது யாரைக் கீழே தள்ளும் என்பதில் அந்த ஊருக்கு ஒரு வரிசை இருக்கிறது, அதில் முதலில் நிற்பவர் கூலிக்காரர். உங்கள் கடிதம் வந்த பிறகு இதைப்பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். வெனிசுவேலாவில் மரகைபோ என்றொரு நகரம், ஏரிக்கரையில் இருக்கிறது. 1922இல் அதே ஏரியின் மறுகரையில் ஓர் எண்ணெய்க் கிணறு வெடித்து ஒன்பது நாட்கள் வானத்தை நோக்கிப் பீறிட்டது, அதிலிருந்து அந்த நாட்டின் செல்வம் தொடங்கியது. அதே மரகைபோவில் 2019 மார்ச்சில் நாட்கணக்காக மின்சாரம் இல்லாமல் போய், மக்கள் நூற்றுக்கணக்கான கடைகளை உடைத்துச் சூறையாடினார்கள். அந்த நாட்டை விட்டு வெளியேறியவர்கள் 70 இலட்சத்துக்கும் அதிகம். தம்மாம் அந்த நிலைக்குப் போகவில்லை, அதை நீங்களே சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் இதற்காக வெனிசுவேலா வரை போகவேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மலையே ஒருமுறை இப்படி விழுந்த மலைதான். இன்று தேயிலை நிற்கும் சரிவுகளில் முன்பு கோப்பி நின்றது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையில் துரு போன்ற ஒரு நோய் தென்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பித்துரைமார் பலர் கடனில் மூழ்கினார்கள், 1884இல் அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கியும் மூடப்பட்டது. பல தோட்டங்களில் நம் முன்னோர்களின் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. அவர்களும் கேம்பில் நீங்கள் காத்திருந்ததைப் போலத்தான் லயத்தில் காத்திருந்திருப்பார்கள். நீங்கள் பார்த்த துருப்பிடித்த சாரத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த இலைத்துருதான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவும் உண்மை. இவ்வளவையும் நீங்கள் ஏற்கெனவே அறிந்தும் வைத்திருக்கிறீர்கள், எந்த ஆண்டில் எத்தனை டொலர் என்பதுவரை. அறிந்தும் மனம் ஆறவில்லை என்றால், மனம் வேறு எதையோ கேட்கிறது என்றுதான் எண்ணுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எண்ணெய் விலைக்கு எத்தனையோ வரிகள் எழுதியிருக்கிறீர்கள். "ஏஜென்ட் எனக்கு ஆளுக்கு 15,000 ரூபாய் கொடுத்தார்" என்பதற்கு ஒரே வரி, முன்னும் பின்னும் ஒரு சொல்லும் இல்லை. அக்காவுக்கு அது தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றே ஊகிக்கிறேன். நான் தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

உலகச் சந்தையின் வீழ்ச்சி என்பது யாரும் தூக்க முடியாத பாரம். அதன் நிழலில் 45,000 ரூபாயை மறைத்து வைப்பது எளிது, ஏனென்றால் அவ்வளவு பெரிய ஒன்றுக்கு யாராலும் ஈடு செய்ய முடியாது, முடியாததால் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடலாம். நீங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்ததாக நான் சொல்லவில்லை. வருந்துகிறவர்கள் பலர் தம்மையறியாமல் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்: தம்மால் திருத்த முடிந்த சிறிய தவறைப் பார்க்கக் கூசி, திருத்தவே முடியாத பெரிய பழியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். மூன்று மணிக்குக் கைபேசியில் விலையைப் பார்ப்பதும் இதைச் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். அங்கே தெரிவது எப்போதும் வேறு யாருடையவோ கணக்கு.

"கங்காணி" என்ற பெயர் உங்களை இவ்வளவு சுடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆட்களைக் கூட்டி வந்தார்கள் என்பதற்காக மட்டும் நம் பாட்டன்மார் கங்காணிமாரை வெறுக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு வந்தது, வந்த ஆளின் பெயரில் கடன் ஏறியது, அந்தக் கடன் எழுதிய துண்டோடு ஆளும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது, பெயரின் கசப்பு ஒழியவில்லை. இருந்தும், நீங்கள் கங்காணி இல்லை. அந்தப் பையன்களோடு அதே கேம்பில் அதே பசியோடு கிடந்தீர்கள், அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். உங்களிடம் உள்ள குற்றம் இரண்டுதான். ஒன்று, பணம் வாங்கியதைச் சொல்லாதது. மற்றது, நீங்களே கலங்கிப்போயிருந்த அந்த முதல் இரண்டு மாதங்களில் அந்தக் கலக்கத்தை மறைத்து, வரும் என்று உறுதி சொன்னது. இரண்டாவதை நான் கடுமையாக எடைபோடமாட்டேன், பயந்தவர்களுக்கு மூத்தவர் ஆறுதல் சொல்வது இயல்பு. முதலாவதற்கு அப்படியொரு சமாதானம் என்னிடம் இல்லை.

அக்காவிடம் போங்கள். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கொழுந்து இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாகப் போங்கள். எண்ணெய் விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். 15,000 வாங்கினேன், உங்களிடம் சொல்லவில்லை, அது தவறு என்று சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தரப்போகிறேன் என்றும், மாதம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்றும் சொல்லுங்கள். 2014இன் 15,000 இன்று 15,000 இல்லை என்பதை டொலர் கணக்குத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, எவ்வளவு கூட்டுவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அவருடைய மகனிடமும் மற்ற இரண்டு வீடுகளிலும் இதையே சொல்லவேண்டும். அக்கா திட்டலாம், கதவைச் சாத்தலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். மன்னிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது அவர் தரும்போது தரட்டும்.

மகனின் பாஸ்போர்ட்டை இந்தக் கடிதம் கையில் கிடைக்கும் நாளிலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டைக் கம்பனி பெட்டகத்தில் பூட்டி வைத்தது உங்களை எப்படி வைத்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகனும் இப்போது அதைத்தான் அனுபவிக்கிறான், வைத்திருப்பவர் யார் என்று தெரியாமல். கொடுக்கும்போது அவனுக்கு முழுக் கதையையும் சொல்லுங்கள், அந்தப் பணத்தையும் சேர்த்து. அவன் போகத்தான் போகிறான் என்றால், அவனுக்கு உங்களைவிட நல்ல வழிகாட்டி பொகவந்தலாவையில் கிடைக்கமாட்டார். ஒப்பந்தத்தைத் தனக்குப் புரியும் மொழியில் படித்த பிறகே கையெழுத்திடவேண்டும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போகவேண்டும், இகாமாவின் முடிவுத் திகதியைத் தானே குறித்து வைக்கவேண்டும், சம்பளம் ஒரு மாதம் தவறினாலே வீட்டுக்கு உண்மையைச் சொல்லித் தூதரகத்தில் முறையிடவேண்டும் என்பவற்றை நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். அம்மாவின் நகையை அடகு வைத்துப் போகக்கூடாது என்பதையும் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அக்காவிடம் போய்வந்த பிறகு, வைத்தியர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தக் கடிதத்தில் பீப்பாய் விலை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்