கிட்டாரும் லேப்டாப்பும்: வாசகர் கேள்வி–பதில்

அண்ணா, லேப்டாப்பில் நியூரல் ஆம்ப் மாடலர் (நிஜ ஆம்ப்களின் சத்தத்தை நகலெடுக்கும் சாஃப்ட்வேர்) போட்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். பதினைந்து ஆம்ப் மாடல் இறக்கிப் பார்த்துவிட்டேன். டிஸ்டார்ஷன் வைத்தால் எல்லாமே தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரிதான் இரைகிறது. எந்த ஆம்ப் நல்லது?
– கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தம்பி, பதினாறாவதைத் தேட வேண்டாம். பதினைந்திலும் ஒரே குளவி என்றால் அது ஆம்பில் இல்லை. ஸ்பீக்கர் இல்லாததால் வருகிறது.

ஒரு மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் எங்கள் மெல்லிசைக் குழு வாசித்தது. என் ஆம்ப் திடீரென்று நின்றுபோக, டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து நேராக மிக்சருக்கு ஒயர் கொடுத்தோம். மேடைப் பெட்டியில் நீங்கள் சொல்லும் அதே குளவி! கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அவ்வளவாகப் பேசாது. டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுதான் வடிகட்டுகிறது. மேடைப் பெட்டியும் ஹெட்போனும் எதையும் வடிகட்டாமல் அப்படியே கொட்டிவிடும்.

நீங்கள் இறக்கும் மாடல்கள் பலவற்றில் ஆம்பின் தலை மட்டும்தான் இருக்கும், கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, இருக்காது. அதற்குத்தான் அந்த சாஃப்ட்வேரில் ஐஆர் என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பதன் சுருக்கம் அது. ஒரு ஸ்பீக்கர், அதன் முன் வைத்த மைக், வைத்த இடம், மூன்றின் குணமும் அந்தச் சிறு கோப்பில் பதிந்திருக்கும். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் முன் ஷூர் எஸ்எம்57 மைக் வைத்து எடுத்த ஐஆரில் தொடங்குங்கள். ராக் வாசிப்பவர்களின் காதுக்குப் பழகிய கூட்டணி அது. மைக் ஸ்பீக்கரின் நடுவில் இருந்தால் கூர்மை, விளிம்புப் பக்கம் போகப் போக இதம். இரண்டு விரல் தூரம் நகர்ந்தால்கூட சத்தம் மாறும். டிரெபிளைத் திருகுவதற்கு முன் நாலைந்து ஐஆரை மாற்றி மாற்றிக் கேளுங்கள். என் அனுபவத்தில் பாதி டோன் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம் ஒயர் நுழையும் இடத்தையும் பாருங்கள். கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்ற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிட்டார் பிக்கப்புக்கு எதிரே 10 லட்சம் ஓம் அளவுக்குத் தடை இருந்தால்தான் டிரெபிள் உயிரோடு வரும். மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க அதை அழுத்தாமல் வாசித்து, கிட்டார்தான் மந்தம் என்று நினைத்துப் பிக்கப்பையே மாற்றியவன் நான். இன்டர்ஃபேஸ் கெயின், நீங்கள் பலமாக அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரும்படி இருக்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த சிக்னலைப் பின்னால் எந்த ஆம்பும் ஒட்டவைக்காது.

கடைசியாக ஒன்று: ஆம்பின் கெயினை இப்போது இருப்பதில் பாதியாகக் குறையுங்கள். கனம் போதவில்லை என்றால் முன்னால் டியூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு பெடலை வைத்து, டிரைவை அடியோடு குறைத்து லெவலை ஏற்றுங்கள். அது பேஸை இறுக்கிக்கொண்டு மிட்டை, அதாவது நடு ஸ்தாயி ஒலியை, முன்னால் தள்ளும். உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி பாம் மியூட் அடிக்கும்போது வித்தியாசம் உடனே தெரியும்.

கம்பியைத் தட்டிக் கொஞ்சம் நேரம் கழித்துதான் சத்தம் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

புளூடூத் ஹெட்போன் என்றால் அதை இப்போதே கழற்றிவிடுங்கள்; ஒயர் உள்ளதுதான் சரி. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏசியோ (ASIO) டிரைவரைப் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் அது 2.7 மில்லி செகண்ட். போகவர இரண்டு தடவை சேர்ந்தாலும், ஆம்பிலிருந்து சில அடி தள்ளி நின்று வாசிப்பது போலத்தான் இருக்கும். படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள்.

ஜூன் 21 இசை நாளுக்கு நண்பர்களோடு வாசிக்கிறோம். லேப்டாப்பை அங்கிருக்கும் கிட்டார் ஆம்பில் செருகலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

செருகலாம். ஆனால் ஐஆரை அணைத்துவிடுங்கள். அங்கே நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல அமுங்கிவிடும். ஆம்பின் பின்னால் 'ரிட்டர்ன்' என்ற துளை இருந்தால் அதில் கொடுங்கள். மிக்சருக்கு நேராகப் போவதானால் ஐஆர் கட்டாயம் வேண்டும். கடற்கரைப் பக்கம் என்றால், வாசித்து முடித்த கையோடு கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும்.